வெள்ளையடித்தால் வெடிப்பு போகுமா?

தோட்டத்துத் தோழர்களே!

மலாக்கா பட்டணத்தின் பழைய வீதிகள் 2008 ஜூலை 7-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அங்கே பழைய வீட்டைச் செப்பனிட விதிமுறை உண்டு. நல்லதுதான். ஆனால் ஜாசின், அலோர் காஜா பக்கம் லயத்து வீட்டுச் சுவர் வெடித்தால் என்ன நடக்கிறது? கொஞ்சம் சிமெண்டை அப்பி, மேலே வெள்ளையடித்து, "ரிப்பேர் முடிஞ்சது" என்று போய்விடுவார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் கோடு விழும்.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. மயிரிழைக் கோடு பெரும்பாலும் பூச்சோடு நிற்கும். சுரண்டிப் பூசினால் போதும். தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் பூச்சு கல்லை விட்டுவிட்டது. உதிர்த்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி அகலும் வெடிப்போ, அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டலாம். அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் சுவர் இன்னும் நகர்கிறது. அதை வெள்ளையடித்து மறைக்க விடக்கூடாது.

செலவு யாருடையது? தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. 2020 ஜூன் 1 முதல் அது மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. நமக்கோ அது பழைய உரிமை.

ஆகவே "பார்க்கலாம்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். புகாரை எழுதிக் கொடுத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். நம் சம்பளத்தில் சிமெண்டு வாங்கி நிர்வாகத்தின் சுவரைப் பூசுவது நம் வேலையல்ல.