மழையை அறியாத 'மழை உணரி'

மழைத் துளிகள் விழுந்ததும் காரின் வைப்பர் தானாகவே ஓடத் தொடங்குவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதை இயக்கும் கருவிக்கு 'மழை உணரி' என்று பெயர். பொருத்தமற்ற பெயர் என்பது என் கருத்து. மழை என்றால் என்னவென்றே அக்கருவிக்குத் தெரியாது.

பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் கண்ணாடிக்குப் பின்புறம், முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அதிலுள்ள ஒரு டையோடு, அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடிக்குள் ஏறத்தாழ 45° சாய்வில் செலுத்துகிறது. கண்ணாடியிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 42° என்று படித்திருப்பீர்கள். 45° அதைவிடப் பெரிதல்லவா? ஆகவே கதிர் வெளியேற வழியின்றி முழு அக எதிரொளிப்பு அடைந்து, பெட்டியிலுள்ள மற்றொரு டையோடில் வந்து விழுகிறது. வெளிப்புறத்தில் நீர்த்துளி ஒட்டியதும் கதை மாறுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, நீருக்கு 1.33. இவற்றிடையே மாறுநிலைக் கோணம் 62° ஆகிவிடும். 45° இப்போது போதாது; துளி ஒட்டிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடுகிறது. திரும்பி வரும் ஒளி குறையக் குறைய வைப்பரின் வேகம் கூடுகிறது.

இதை வீட்டிலேயே காணலாம். கண்ணாடித் தம்ளரில் நீரை நிரப்பி, மேலிருந்து சாய்வாக அதன் பக்கச்சுவரைப் பாருங்கள். வெள்ளி பூசியதுபோல் மின்னும். வெளியே உலர்ந்த விரலை வைத்தால் ரேகையின் மேடுகள் மட்டுமே தெரியும். பள்ளங்களில் காற்று இருக்கிறது. விரலை நனைத்து வையுங்கள், விரல் நன்றாகத் தெரியும்.

இந்த விரலை மனத்தில் கொண்டால் வைப்பரின் விசித்திரங்கள் விளங்கும். தூசி கண்ணாடியைச் சில புள்ளிகளில்தான் தொடுகிறது. எனவே சாலையே தெரியாத அளவுக்குத் தூசி படிந்தாலும் கருவிக்குக் கண்ணாடி சுத்தமாகவே இருக்கும். ஆனால் இயந்திரத்தை அணைக்காமல், ஸ்விட்சையும் தானியங்கி நிலையிலேயே விட்டுவிட்டு, ஒருவர் ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தால் பெருமழை என்றெண்ணி வைப்பர் பாயும், கையில் அடிபடும். மேலும், கருவி பார்ப்பது சில சதுர சென்டிமீட்டர் பரப்பை மட்டுமே. தூறலில் ஓட்டுநரின் கண்ணெதிரே துளிகள் நிறைந்திருக்க, அங்கே ஒன்றுகூட விழாமல் போகலாம்.

1970இல் வெளிவந்த சித்ரோயன் எஸ்.எம். என்ற பிரெஞ்சுக் கார் வேறு உபாயத்தைக் கையாண்டது. உலர்ந்த கண்ணாடியில் உராய்வு மிகுதி. வைப்பர் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் எடுக்கும். அதை அளந்து, அடுத்த வீச்சை அது தாமதப்படுத்தியது. ஒருமுறை துடைத்துப் பார்த்தால்தான் அதற்கு விவரம் தெரியும் என்றாலும், எனக்கு மிகவும் பிடித்த உபாயம் இதுதான். டெஸ்லா கார்களோ காமிராப் படத்தைக் கொண்டு முடிவு செய்கின்றன. வறண்ட கண்ணாடியைத் துடைப்பதாக அவற்றின் மீதும் புகார் உண்டு.

ஒன்று ஒளியை அளக்கிறது, ஒன்று உராய்வை, ஒன்று படத்தை. ஓட்டுநரின் கண்ணுக்குச் சாலை தெரிகிறதா என்பதை எதுவுமே அளக்கவில்லை. ஆகவே தானியங்கி ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியானாலும், வைப்பரின் வேகத்தை மாற்றும் கைப்பிடி ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கவேண்டும் என்பேன். அதை எடுத்துவிட்டுத் தொடுதிரையில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியில் கனமழையில் டெஸ்லா காரை ஓட்டிய ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையைப் பார்த்தார். வண்டி சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் 2020இல் அவருக்கு விதித்த அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுத் தடையையும் உறுதி செய்தது. திரையை அங்கே வைத்தவர்களுக்கு அந்த வழக்கில் தண்டனை ஏதுமில்லை.