பணிவே அறிவின் வாயில்

அறிவு பெருகப் பெருகப் பணிவும் பெருகுதல் வேண்டும். பணிவு பெருகவில்லையாயின், பெருகியது அறிவன்று, வெறுஞ்செய்திக் குவியலே. பொன்மூட்டையைச் சுமப்பவன் அப்பொன்னுக்கு உரியவன் ஆகிவிடுவதில்லை. அதுபோன்றே, நூற்செய்திகளைத் தலையில் ஏற்றிக்கொண்டவன் அதனாலேயே அறிஞன் ஆகிவிடுவதில்லை. இவ்வெளிய உண்மையை நம் முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். நாமோ மறந்துகொண்டு வருகின்றோம். இம்மறதி அயலாரிடத்து மட்டும் இருப்பதன்று. தமிழுக்கு உழைக்கின்றோம் என்று தோள்தட்டும் நம்மிடத்தும் உள்ளது. ஆதலின் இதனை ஒளிவுமறைவின்றிப் பேசுதல் வேண்டும்.

இற்றைநாளில் இருவேறு குரல்களைக் கேட்கின்றோம். கடவுளை வணங்குவோன் தன் அறிவை அடகு வைத்தவன் என்பது ஒரு குரல். கடவுளை வணங்கினாற் போதும், கல்வியும் ஆராய்ச்சியும் எதற்கு என்பது மற்றொரு குரல். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகைபோலத் தோன்றினும் பிழை ஒன்றே. வணங்கும் தலை வேறு, எண்ணும் தலை வேறு என இரு சாராருமே கருதுகின்றனர். தமிழ்நெறி அவ்வாறு கருதவில்லை. வணங்குவதும் எண்ணுவதும் ஒரே தலையின் இரு தொழில்கள் என்பதே அதன் முடிபு.

திருக்குறளின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கடவுள் வாழ்த்து என்னும் அப்பகுதியிற் பத்துக் குறட்பாக்கள் உள்ளன. அவற்றுள் ஏழு குறட்பாக்கள் இறைவனின் திருவடியைக் குறிக்கின்றன. ஆயினும் அவ்வதிகாரத்தில் ஒரு கோயிலின் பெயர் இல்லை. ஒரு சடங்கு இல்லை. பொருள் தா, பிள்ளை தா என்னும் வேண்டுகோளும் இல்லை. பின் எதற்காக அத்துணை முறை திருவடியைப் பேசுகின்றார் வள்ளுவர்?

இரண்டாம் குறட்பா இதற்கு விடை தருகின்றது. தூய அறிவே வடிவானவனை வணங்காதார்க்கு, அவர் பெற்ற கல்வி எதற்கு உதவிற்று என்பது அங்கு அவர் எழுப்பும் வினா. இறைவனைக் குறிக்க எத்தனையோ பெயர்கள் இருக்க, கல்வியைப் பேசும் அவ்விடத்தில் ‘வாலறிவன்’ என்னும் பெயரையே தேர்ந்தெடுத்தார். வால் என்பது தூய்மை. வாலறிவன் என்பான் குறையற்ற முழு அறிவினன். கற்றவனை இம்முழுமையின் முன்னர்க் கொண்டுவந்து நிறுத்துகின்றார் வள்ளுவர். ஏன்?

மாந்தன் தன்னை எதனோடு ஒப்பிட்டு அளக்கின்றானோ, அதற்கேற்பவே அவன் உள்ளம் அமைகின்றது. கறையான் புற்றின் அருகே நிற்பவன், தான் மிக உயர்ந்தவன் என எண்ணுவான். பொதியமலையின் அடியில் நிற்பவன், தன் உயரம் இவ்வளவுதானா என எண்ணுவான். இருவரும் ஒரே உயரத்தினராக இருத்தல் கூடும். வேறுபாடு அளவுகோலில் உள்ளது. தன்னினும் குறையக் கற்றவனையே நாளும் நோக்கி நிற்பவனுக்குச் செருக்கு வளரும். முழு அறிவை நோக்கி நிற்பவனுக்குக் கற்கும் வேட்கை வளரும். கடவுள் வணக்கம் அறிவுக்குச் செய்யும் முதல் உதவி இதுவே. அஃது அறிவை நிறுத்துவதில்லை. அறிவின் அளவுகோலை மாற்றுகின்றது.

அவ்வதிகாரத்தின் ஒன்பதாம் குறட்பாவில், இறைவனை வணங்காத தலையைப் புலன் இழந்த பொறிக்கு ஒப்பிடுகின்றார். காணாத கண்ணும் கேளாத செவியும் எத்தகையனவோ அத்தகையது அத்தலை என்பது கருத்து. இங்கும் நெஞ்சையோ கையையோ சொல்லாமல் தலையைச் சொன்னமை நோக்கத்தக்கது. எண்ணும் உறுப்பு எதுவோ அதுவே வணங்கவேண்டிய உறுப்பு. வணங்குதலும் தலைக்கு இயல்பான தொழிலென்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்து அவ்வோர் அதிகாரத்தோடு நின்றுவிடவில்லை. கல்வி என்னும் நாற்பதாம் அதிகாரத்தில், செல்வர் வாயிலில் வறியவர் நிற்பதுபோல் ஆசிரியர்முன் தாழ்ந்து நின்றேனும் கற்பவரை உயர்ந்தோர் என்றும், அதற்கு நாணிக் கல்லாதவரைக் கடையர் என்றும் வைக்கின்றார். கேள்வி என்னும் அதிகாரத்தில், நுட்பமாகக் கேட்டறியாதவர்க்குப் பணிந்த பேச்சு வாய்ப்பது அரிது என்கின்றார். அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை மடமை என்றும், அஞ்சுவதே அறிவாளர் இயல்பு என்றும் உரைக்கின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தில் அறிவின்மைக்கே ஓர் இலக்கணம் வகுக்கின்றார். கல்லாமையை அவர் அங்கு அறிவின்மை எனச் சொல்லவில்லை. தம்மை அறிவுடையோர் எனத் தாமே மதித்துக்கொள்ளும் செருக்கையே அறிவின்மை என்கின்றார். இவ்விலக்கணத்தை அளவாக வைத்து நம் மேடைகளையும் கழகங்களையும் அளந்து பார்ப்போமாயின், நம்மில் எத்துணைப் பேர் தேறுவோம் என எண்ணிப் பார்த்தல் நன்று.

இது தமிழர் மட்டும் கண்ட உண்மையன்று. கிரேக்க நாட்டுச் சாக்கிரட்டீசின் வாழ்வும் இதற்குச் சான்று. அவரினும் அறிவுடையார் எவரும் இலர் என்று தெல்பித் திருக்கோயிலில் இறைவாக்கு எழுந்ததாக அவர் நண்பர் வந்து கூறினார். வேறொருவராயின் அதனை எழுதி வாயிலில் மாட்டியிருப்பர். சாக்கிரட்டீசோ திகைத்தார். தாம் ஒன்றும் அறியாதவராயிருக்க, இறைவன் ஏன் அவ்வாறு கூறவேண்டும் என ஆராயப் புகுந்தார். அரசியலாரையும் பாவலரையும் கைவினைஞரையும் தேடிச்சென்று வினவினார். அவர்கள் அறியாதவற்றையும் அறிந்ததாக எண்ணியிருந்தனர். தாமோ அறியாததை அறியாததென்று உணர்ந்திருப்பதை அவர் கண்டார். உண்மையில் அறிவுடையவன் இறைவன் ஒருவனே, மாந்தரறிவு சிறிதினும் சிறிது என்பது அவர் கண்ட முடிபு. அவர் மாணவர் பிளேட்டோ இவற்றையெல்லாம் எழுதி வைத்துள்ளார். கி.மு. 399-இல் வழக்குமன்றத்தின் முன்னர் நின்றபோதும், உங்களுக்குக் கீழ்ப்படிவதினும் இறைவனுக்குக் கீழ்ப்படிவதே எனக்குக் கடன் என்று அஞ்சாது கூறி, நஞ்சுண்டு மாண்டார். இறையச்சமும் பணிவும் அவர் ஆராய்ச்சியை முடக்கவில்லை. அவையே அதனைத் தொடங்கி வைத்தன.

நம் நாட்டிலேயே, காலத்தால் நமக்கு அண்மையில், ஒரு சான்று உண்டு. மீனாட்சிசுந்தரனாரிடம் பல ஆண்டுகள் தமிழ் கற்ற உ.வே. சாமிநாதர் 1880-இல் குடந்தைக் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன கற்றிருக்கின்றீர் என்று அவர் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனப் பெரியதொரு பட்டியலைச் சாமிநாதர் அடுக்கினார். அவற்றாற் பயன் என்ன, பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று முதலியார் கேட்டார். கற்றுத் தேர்ந்து கல்லூரி ஆசிரியராக அமர்ந்த ஒருவரை இதனினும் கடுமையாகச் சுடும் வினா வேறில்லை. அவர் சினந்து எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. சீவக சிந்தாமணியைப் பெற்றுப் படித்தார். பல இடங்கள் விளங்கவில்லை. அந்நூல் சமண நூல். அவரோ சிவநெறிப் பற்றுடையவர். ஆயினும் குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பொருள் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன.

அவர் உரைநடை வடசொற் கலப்புடையது. அந்நடை நமக்கு உடன்பாடன்று. எனினும், தனக்குத் தெரியாது என்று ஒப்பி, பிற சமயத்தார் வாயிலிற் சென்று நின்ற அந்தப் பணிவை நாம் வணங்காதிருத்தல் இயலாது. அவர் கொண்ட இறைநம்பிக்கை பிறர் நூலைத் தொடுவதற்குத் தடையாகவில்லை. அவர் கற்ற கல்வி பிறரிடம் கேட்பதற்குத் தடையாகவில்லை. அன்று அவர் செருக்கியிருந்தால், நம் கைக்கு வந்த ஏடுகள் எத்தனை குறைந்திருக்கும்!

இனி, நம் அன்பர் சிலர் எழுப்பும் தடையொன்று உண்டு. பணிவு என்று சொல்லிச் சொல்லியே தமிழனை அடிமையாக்கினார்கள். இன்னும் பணியச் சொல்கின்றீரே என்பர். இத்தடையில் வலிமை உண்டு. இதனைத் தட்டிக்கழித்தல் கூடாது. பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு என்பதை விளக்கியே ஆகவேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரைப் பாருங்கள். கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களிற் புல் செதுக்கியவர் அவர். அத்துணைத் தாழ்ந்த பணியைத் தாமே விரும்பி மேற்கொண்டவர். அவரே, பல்லவ மன்னன் அழைப்பாணை விடுத்தபோது, அதற்குக் கட்டுப்பட மறுத்து நின்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. இறைவனுக்கு ஆளானவன் மன்னனுக்கு ஆளாகான் என்பது அவர் கொள்கை. புல் செதுக்கிய கைதான் அரசாணையை விலக்கியது. எல்லாத் தலைகளும் ஒரே திருவடிக்கு உரியனவாயின், ஒரு தலை இன்னொரு தலையின் காலடியிற் கிடத்தற்கு இடமேது? உண்மையான இறைவணக்கம் மாந்தனை மாந்தன் வணங்கும் இழிவை ஒழிக்கின்றது. அவ்விழிவை வளர்ப்பது எதுவோ, அஃது இறைவணக்கம் அன்று. இறைவன் பெயரால் நடக்கும் வாணிகமே.

ஆதலால், இறைவனுக்கும் நமக்கும் இடையில் நின்றுகொண்டு, தன் வழியாகவே வரவேண்டும், தன் மொழியிலேயே கேட்கவேண்டும் என்பவனைப் பணிவுடையவன் என்று எவரும் மயங்கவேண்டா. முழு அறிவினனுக்கு ஒரு மொழிதான் விளங்கும் என்று சொல்பவன் அவனுக்கே குறை கற்பிக்கின்றான். அதனினும் பெரிய செருக்கு உலகில் உண்டா?

மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். கடவுளை நீக்கிவிட்டால் வணக்கமே நீங்கிவிடும் என எதிர்பார்த்தோர் உளர். நடந்தது அதுவன்று. ஒழிந்த அரியணையில் ஏதேனும் ஒன்று ஏறி அமர்ந்தே தீரும். கடவுள்முன் குனிவது மடமை என்று முழங்கியவர்களே தலைவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழும் காட்சியைத் தமிழகம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றது. எவர் காலிலும் விழாத வேறு சிலரோ, தம்மையே அவ்வரியணையில் ஏற்றிக்கொள்கின்றனர். இவ்விரண்டனுள் எது அறிவுக்கு மிகுதியாகக் கேடு செய்வது என்று துணிதல் அரிது.

கடவுள் என்னும் சொல்லுக்கே எல்லாவற்றையும் கடந்து நிற்பது என அறிஞர் பலர் பொருள் கொள்வர். அப்பெயரை ஏற்க மனமில்லாத அன்பர் ஏற்காதிருக்கட்டும். ஆனால், தம் அறிவைக் கடந்து நிற்கும் உண்மையொன்று உண்டு என்பதையேனும் அவர் ஏற்றல் வேண்டும். அதனை ஏற்றுப் பணிந்து ஆராயும் மறுப்பாளர், தாமே அனைத்தும் அறிந்தவர்போற் பேசும் வணக்கத்தாரினும் இறைவனுக்கு அண்மையர் என்றே நாம் கருதுகின்றோம்.

இறுதியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. தூய தமிழ் பேசக் கற்றுக்கொண்டவுடன், கலப்புச் சொல் வழங்கும் எளிய மாந்தரை எள்ளி நகையாடும் பழக்கம் நம்மில் சிலரிடம் காணப்படுகின்றது. ஏரையும் நுகத்தையும் வலையையும் தறியையும் பற்றிய அருஞ்சொற்களை அவ்வெளியவர்கள் அல்லரோ நமக்காகக் காத்து வைத்தவர்கள்? அகரமுதலியில் ஏறாத எத்தனை தமிழ்ச்சொற்கள் இன்னும் உழவர் வாயிலும் மீனவர் வாயிலும் நெசவாளர் வாயிலும் வாழ்கின்றன! அவர்முன் திருத்துவோராகப் போனால் ஒரு சொல்லும் கிடைக்காது. கேட்போராகப் போனால் அள்ளிவரலாம். மொழிக்காகப் பிறரைத் தாழ்த்துகின்றவன், மொழியை அன்று, தன்னையே உயர்த்துகின்றான்.

தெரியாததைத் தெரியாது என்று மாணவர்முன் சொல்லும் ஆசிரியர், எதிரியின் கூற்றில் உண்மை இருப்பின் அதனை ஏற்கும் பேச்சாளர், தம் கட்டுரையைத் திருத்தியவர்க்கு நன்றி கூறும் எழுத்தாளர் ஆகிய இவர்கள் பெருகட்டும். இவர்கள் பெருகும் அளவே தமிழறிவும் பெருகும். கதிர் முற்றிய நெல் தலைசாய்ந்து நிற்கின்றது. பதர் நிமிர்ந்து நிற்கின்றது. களத்துமேட்டிற் காற்று வீசும்போது எது நிலைக்கும், எது பறக்கும் என்பதை உழவனிடம் கேட்டறிந்து கொள்வோமாக.