வேடிக்கையும் முகவரியும்

இணையப் பக்கங்களைச் சேமிக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. எடுத்த எடுப்பில் கிராலர், வார்க் கோப்பு, மெட்டாடேட்டா என்று நாம்தான் ஆரம்பித்துவிடுகிறோம். அதெல்லாம் நம் பட்டறைக்குள் இருக்க வேண்டிய பேச்சு. பார்க்க வருபவர் கைக்கு ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும்.

ஜியோசிட்டீஸ் கதையை நம் துறையினர் அறிவார்கள். 1994இல் தொடங்கி, ஹாலிவுட், ஏரியா 51, ஹார்ட்லேண்ட் என்று பேட்டை பேட்டையாகப் பிரித்து, சாமானியர்களுக்கு இலவசமாக இடம் கொடுத்த தளம். 1999இல் யாகூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. மூடுவதற்குள் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவும் முடிந்தவரை அள்ளி வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் அந்தக் குவியலை ஆய்வாளர்கள் மட்டுமே சீண்டியிருப்பார்கள். நெதர்லாந்து வடிவமைப்பாளர் ரிச்சர்ட் வைகன் 2011இல் அதை நகர வரைபடமாக்கி, விரலால் தொட்டுத் தெருத்தெருவாகச் சுற்ற வைத்தார். 2016இல், தன் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, இன்டர்நெட் ஆர்க்கைவ் அந்தப் பக்கங்களில் இருந்த 45 லட்சம் ஜிஃப் அசைபடங்களைப் பிரித்தெடுத்து 'ஜிஃப்சிட்டீஸ்' என்ற தேடுபொறியாகத் திறந்தது. பூனை என்று ஆங்கிலத்தில் தட்டினால் திரை முழுக்கப் பூனைகள் துள்ளும். அதில் ஒன்றைச் சொடுக்கினால், அந்தப் படம் முதலில் இருந்த பக்கம் இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பகமான வேபேக் மெஷினில் திறக்கும்.

இந்த இணைப்பைத்தான் அதன் உயிர் என்பேன். சிரிக்க வந்தவர், முகம் தெரியாத ஒருவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய பக்கத்தின் முன்னால் போய் நிற்கிறார். இணைப்பை அறுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கேலிப்படம். ஜியோசிட்டீஸில் இறந்த குழந்தைக்கும் வளர்த்த நாய்க்கும் எழுப்பிய நினைவுப் பக்கங்களும் உண்டு; நட்சத்திர அசைபடங்கள் அங்கேயும் மின்னின. இணையக் கலைஞர்களான ஒலியா லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீடும் 2013 முதல் டம்ளர் வலைப்பதிவுத் தளத்தில் ஜியோசிட்டீஸ் பக்கங்களின் திரைப்படிமங்களை வெளியிட்டார்கள். விசித்திரமானவற்றை மட்டும் பொறுக்காமல், கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி வரிசையில் தானாக வெளிவரும்படி அமைத்தார்கள். வேடிக்கை காட்டும்போதும் நேர்மை தவறாத முறை அது.

நம்மிடமும் சரக்கு இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டாப், டாம் போன்ற குறியாக்கங்களிலும், பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்களிலும் எழுதப்பட்டவை. இன்றைய உலாவியில் அவை புரியாத குறிகளாகக் கொட்டுகின்றன. அந்தக் குறிகளை அப்படியே காட்டி, பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்து, அழுத்தியதும் தமிழ் எழுந்து வரச் செய்தால் பள்ளிப் பிள்ளைகள் விலகவே மாட்டார்கள். எழுத்துருக் குறியாக்கத்தை யாரும் பாடமாக நடத்த வேண்டியிருக்காது.

அடுத்த கண்காட்சிக்குத் திட்டமிடும் நண்பர்கள் இப்படி ஒரு பக்கத்தையாவது வையுங்கள். அதன் மூல முகவரியும் சேமித்த தேதியும் கண்ணில் படும்படி இருக்கட்டும். தனிமனிதர் பக்கமானால், எழுதியவரைத் தேடிக் கேட்டுவிட்டு வையுங்கள்.