மொட்டைமாடிப் பூச்சு படகுக்கு ஆகாது

ஏரியில் மீன்பிடிக்க வீட்டிலேயே பிளைவுட் படகு செய்யும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. செய்யட்டும், சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் மொட்டைமாடிக்கு அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சை வெளிப்பக்கம் மட்டும் இரண்டு கோட் அடித்துவிட்டு, “இனி சொட்டுத் தண்ணீர் இறங்காது” என்கிறார் ஒரு தம்பி. அடுத்த காட்சியில் அதில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

மாடியில் மழைநீர் வடிந்ததும் தளம் காய்ந்துவிடும். படகின் அடி நாள் முழுக்க நீரில் கிடக்கும், கரையேற்றும்போது கல்லில் உராயும். அந்தப் பூச்சு அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

“ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் சார், கொதிநீரில் போட்டாலும் பிரியாது” என்று பின்னூட்டத்தில் ஒருவர் வாதாடுகிறார். பிரியாதுதான். அது பசையின் பெருமை. மரம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த நீரில் வைத்து, தண்டில் நிறம் ஏறுவதை வகுப்பில் காட்டுவோமே, நினைவிருக்கிறதா? அதே நுண்குழாய்கள்தான் பலகையை அறுத்த விளிம்பில் வாய் திறந்து நிற்கின்றன. முகப்பைவிட அங்கேதான் தண்ணீர் வேகமாக ஏறும். நானும் என் முதல் படகில் முகப்பை மினுக்கிவிட்டு விளிம்பை விட்டவன்தான். இரண்டாவது மழைக்காலத்தில் பின்பலகையில் கட்டைவிரல் புதைந்தது. வெளியே பெயின்ட் மட்டும் புதுசாக இருந்தது.

எபாக்ஸி ரெசின் வாங்குங்கள். விலை அதிகம்தான். பாலியஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தை அவ்வளவு இறுகப் பிடிக்காது. உரிந்த இடத்தில் நீர் தேங்கி உள்ளுக்குள் அழுகும். எபாக்ஸியை முதலில் விளிம்புகளுக்கு, அவை குடித்து முடிக்கும்வரை, பிறகு உள்ளும் புறமும் மூன்று கோட். காலையில் அடிக்காதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழி விடும். சாயங்காலம், சூடு இறங்கும்போது அடியுங்கள். ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பதும் தப்பு; டப்பாவில் போட்ட அளவு அளவுதான். திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் மறுபடி துளையிடுங்கள். மூட்டுகளுக்குக் கண்ணாடி இழைத்துணி. எல்லாவற்றுக்கும் மேலே பெயின்ட், ஏனென்றால் வெயில் எபாக்ஸியைத் தின்றுவிடும்.

வீடியோ போட்ட தம்பி, பேனாக்கத்தி முனையால் உங்கள் படகின் கீழ்விளிம்பைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் இந்த ஞாயிறு பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.