முகப்பெல்லாம் விளக்கு எதற்கு?

பாலம் கட்டினாலும், பேருந்து நிலையம் கட்டினாலும், நூறாண்டுப் பழைய அரசுக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்தாலும், இப்போதெல்லாம் திட்டத்தில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: வண்ணம் மாறும் எல்.இ.டி. விளக்குகள். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும், ஆண்டுக்கணக்கில் எரியும், கட்டடத்துக்கு அழகு சேர்க்கும், வெளிச்சமுள்ள இடத்தில் குற்றம் குறையும், சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள். ஆகவே தயங்காமல் போடலாம் என்பார்கள். விளக்கு விற்பவரும் வாங்குபவரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லும் இந்த வாதம் ஒவ்வொரு படியிலும் சறுக்குகிறது. எல்.இ.டி.யை நான் குறை சொல்ல வரவில்லை. நீல ஒளி தரும் டயோடை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது முற்றிலும் தகும். வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு ஒளியை மட்டும் அனுப்ப முடிவதுதான் அந்தக் கண்டுபிடிப்பு கட்டடக்கலைக்குக் கொடுத்த பெரிய வரம். அந்த வரத்தை ஒளியைப் பெருக்குவதற்கே செலவழிக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

மின்சாரச் சேமிப்பிலிருந்து தொடங்கலாம். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் இந்தியா முழுவதும் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயின. அது மெய்யான சேமிப்பு. 60 வாட் குண்டு பல்பு எரிந்த அதே இடத்தில் 9 வாட் பல்பு எரிந்தது. கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. கட்டட முகப்பின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் நேற்றுவரை விளக்கே இல்லை. இல்லாத இடத்தில் புதிதாகப் போடும் விளக்கு எத்தனை வாட் ஆனாலும் அது கூடுதல் செலவுதான். 40 வாட் கொண்ட நூறு விளக்குகள் இரவுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 40 யூனிட், ஆண்டுக்கு 14,600 யூனிட். பழைய ஃப்ளட் லைட்டுகளாக இருந்திருந்தால் இன்னும் அதிகமாகியிருக்குமே என்று சொல்வார்கள். பழைய விளக்குகளாக இருந்திருந்தால் மின்கட்டணத்துக்கு அஞ்சி அவற்றைப் போட்டிருக்கவே மாட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இது புதிய நிகழ்வும் அல்ல. பிரிட்டனில் 1800-இலிருந்து 2000 வரையிலான ஒளியின் விலையை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஃபூக்கேயும் பியர்சனும், அந்த இருநூறு ஆண்டுகளில் விலை மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியபோது ஒரு மனிதர் பயன்படுத்திய ஒளியின் அளவு 6,500 மடங்கு பெருகியதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒளி மலிவானபோதெல்லாம் நாம் அதை அதிகமாக எரித்திருக்கிறோம்.

எல்.இ.டி. காலத்திலும் அதுவே நடக்கிறது என்பதற்கு அளவீடுகள் உண்டு. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2012 முதல் 2016 வரை பூமியில் இரவில் ஒளியூட்டப்பட்ட பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு வளர்ந்ததாகக் கண்டது. அந்தச் செயற்கைக்கோளின் கருவிக்கு நீல ஒளி தெரியாது; வெள்ளை எல்.இ.டி.யிலோ நீலம் தாராளமாக இருக்கிறது. ஆகவே உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருக்கும். 2023-இல் வந்த இன்னோர் ஆய்வு தரையிலிருந்து மக்களே நட்சத்திரங்களைப் பார்த்துப் பதிவு செய்த தரவுகளைத் தொகுத்தது. வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடிவந்திருக்கிறது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரங்கள் தெரிந்த ஊரில், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது நூறுதான் தெரியும் என்பது அந்த வேகத்தின் பொருள். தெருவிளக்குகள்தானே இதற்குக் காரணம், கட்டட முகப்பு என்ன செய்தது என்று கேட்கலாம். அமெரிக்காவின் டூசான் நகரம் இதற்கு விடை தருகிறது. அங்கே சுமார் 18,000 தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியபோது மொத்த ஒளியளவை 63 விழுக்காடு குறைத்தார்கள். நள்ளிரவில் மேலும் மங்கச் செய்தார்கள். பின்னர் விண்ணிலிருந்து அளந்தபோது, நள்ளிரவுக்குப் பின் அந்நகரம் வானுக்கு அனுப்பும் ஒளியில் தெருவிளக்குகளின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரிந்தது. மீதி முழுவதும் விளம்பரப் பலகை, வாகன நிறுத்துமிடம், விளையாட்டுத் திடல், கடை, கட்டடம் ஆகியவற்றிலிருந்து வந்தது.

அடுத்தது ஆயுள். பெட்டியில் 50,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். இரவு முழுக்க எரிந்தால் பதினோரு ஆண்டுக்குச் சற்று மேல். அந்த எண் பொதுவாகக் குறிப்பது, டயோடின் வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலத்தை. விளக்கு முழுதாக அவ்வளவு காலம் உழைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. டயோடுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர்தான் பல இடங்களில் முதலில் படுத்துவிடுகிறது. அதனுள் இருக்கும் மின்பகுளிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பநிலை பத்து டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும். பகலெல்லாம் வெயில் காய்ந்த சுவரில், கடற்கரை உப்புக்காற்றில் இருக்கும் விளக்கின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம். ஊகம் வேண்டாம் என்றால் சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். லியோ வில்லாரியல் என்ற கலைஞர் அங்குள்ள வளைகுடாப் பாலத்தின் மேற்குப் பகுதியில் 2013-இல் 25,000 எல்.இ.டி.க்களைப் பொருத்தினார். உலகம் வியந்த படைப்பு அது. 2016-இல் நிரந்தரமாக இருக்கட்டும் என்று விளக்குகளைப் புதிதாக மாற்றினார்கள். காற்று, உப்பு, மழை, பாலத்தின் அதிர்வு எல்லாம் சேர்ந்து அவற்றைத் தின்றன. பழுதைச் சரிசெய்வதைவிட வேகமாகப் பழுது வந்ததால் 2023 மார்ச் மாதத்தில் முழுவதையும் அணைத்துவிட்டு, புதிய விளக்குகளுக்காக 1.1 கோடி டாலர் திரட்டக் கிளம்பினார்கள். பணமும் பராமரிப்புக் குழுவும் இருந்த ஊரில் ஏழாண்டு. திறப்பு விழாவோடு பராமரிப்பு நிதி முடிந்துபோகும் திட்டங்களுக்கு எத்தனை ஆண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான்கு விளக்குகள் அணைந்து, இரண்டு பச்சையிலேயே நின்றுவிட்ட முகப்பு, விளக்கே இல்லாத முகப்பைவிட அவலட்சணமானது.

அழகு என்ற வாதத்தில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் கணக்கு. இது கட்டடக்கலையின் உயிர். ஒரு சுவருக்கோ சிற்பத்துக்கோ இரவில் உருவம் கொடுப்பது நிழல். ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்தால்தான் கல்லின் உளிக்குறி தெரியும், தூணின் உருளை தெரியும், கோபுரத்துச் சுதையுருவங்களின் கை முன்னால் நீண்டிருப்பது தெரியும். நாற்புறமும் ஃப்ளட் லைட் வைத்து அடித்தால் நிழல் செத்துப்போகிறது. முப்பரிமாணக் கட்டடம் தட்டையான படமாகிவிடுகிறது. அதன்மேல் வண்ணத்தைப் பாய்ச்சுவது இரண்டாவது கேடு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குறுகிய அலைநீளங்களைக் கலந்து எழுப்பும் ஒளியில், பொருளின் சொந்த நிறத்துக்கு இடமில்லை. பச்சை வண்ணம் பூசிய சுதையின்மேல் அடர்சிவப்பு ஒளி விழுந்தால் அது கறுத்துத் தெரியும். கருங்கல்லின்மேல் ஊதா ஒளி விழுந்தால் அது பிளாஸ்டிக் ஆகும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 2012-இல் எல்.இ.டி.க்கு மாறியபோது 1.6 கோடி வண்ணங்கள் சாத்தியம் என்று அறிவித்தார்கள். 2017-இல் டெல்லியின் மணற்கல் கட்டடங்களான வடக்கு, தெற்கு பிளாக்குகளுக்கு மாறும் வண்ண விளக்கு வந்தபோதும் அதே எண்தான் சொல்லப்பட்டது. அந்த எண் கணினி மூன்று நிறங்களுக்கும் தலா 256 படிகள் வைத்திருப்பதால் வரும் பெருக்கல் மட்டுமே. அதில் எது அந்த மணற்கல்லுக்கு ஏற்றது என்ற கேள்விக்கு அந்தப் பெருக்கலில் விடை இல்லை.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஒன்று, எல்.இ.டி. காலத்துக்கு முந்தையது. பியர் பிடோ என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் 1985-இன் கடைசி நாளில் ஈஃபில் கோபுரத்துக்குப் புதிய ஒளி கொடுத்தார். தூரத்திலிருந்து ஒளி பாய்ச்சும் பழைய முறையை விட்டு, 336 சோடியம் விளக்குகளைக் கோபுரத்தின் உள்ளேயே வைத்தார். இரும்புச் சட்டங்களின் பின்னல் ஒளிர்ந்தது. ஒரே பொன்னிறம், நாற்பதாண்டாகப் பாரிஸின் அடையாளம். இரண்டாவது, எல்.இ.டி.யாலேயே நடந்தது. வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயத்தில் 2014-இல் சுமார் 7,000 எல்.இ.டி.க்களைப் பார்வைக்குத் தெரியாதபடி மறைத்துவைத்தார்கள். அங்குள்ள ஓவியங்களின் நிறமிகளை ஆராய்ந்து, அவை பகல் ஒளியில் தெரிவதுபோலத் தெரிவதற்கு ஒளியின் அலைநீளக் கலவையை அமைத்தார்கள். வெளிச்சம் 50 முதல் 100 லக்ஸ். ஓர் அலுவலக மேசைக்குப் பரிந்துரைப்பது 500. முன்பு இருந்ததைவிட மின்செலவு பாதிக்கும் கீழே போனது. புதுமை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஒளியின் தரத்தை அளக்க 2015 முதல் 99 நிற மாதிரிகளைக் கொண்ட முறை புழக்கத்தில் இருக்கிறது; எட்டு வெளிறிய மாதிரிகளை மட்டும் பார்க்கும் பழைய குறியீடு அடர்சிவப்பைக் கணக்கிலேயே எடுக்காது. நம் டெண்டர்களில் அந்தப் பழைய எண்ணைக் கேட்பதே பெரிய காரியமாக இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்வதில் ஒரு பாதி உண்மை. நியூயார்க்கில் 2016-இல் பொதுக் குடியிருப்புகளில் விளக்குக் கோபுரங்களை வைத்துச் செய்த பரிசோதனையில், இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 விழுக்காடு குறைந்தன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த விளக்குகள் மக்கள் நடக்கும் பாதையை நோக்கியவை, பத்தாவது மாடிச் சுவரை நோக்கியவை அல்ல. இன்னொரு பக்கம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளில் தெருவிளக்குகளை அணைத்ததையும் மங்கவைத்ததையும் ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, அதனால் விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று காணவில்லை. பளிச்சென்ற முகப்பைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்துச் சந்து முன்பைவிட இருட்டாகவே தெரியும்.

சுற்றுலா என்பார்கள். பிரான்சில் 2013 முதல் கட்டட முகப்பு விளக்குகளை நள்ளிரவு ஒரு மணிக்குள் அணைத்தாக வேண்டும். 2022-இல் எரிசக்தி நெருக்கடியின்போது ஈஃபில் கோபுரமே 11.45-க்கு அணைந்தது. பாரிஸுக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். லண்டனில் தேம்ஸ் நதியின் ஒன்பது பாலங்களுக்கு அதே வில்லாரியல் செய்த ஒளியமைப்பும் இரவு இரண்டு மணிக்கு மேல் எரிவதில்லை. விழாவுக்கு விளக்கு வேண்டாமா என்று நம்மவர்கள் கேட்பது நியாயம். வேண்டும். தேர்த்திருவிழாவுக்குப் பத்து நாள் சீரியல் லைட் போடுவது விழா. ஆண்டு முழுவதும் எரிந்தால் விழா நாளுக்கு என்று ஒளி மிச்சமிருக்காது.

இரவை நம்பி வாழும் மற்ற உயிர்களைப் பற்றி முகப்பு விளக்குத் திட்டங்கள் பேசுவதே இல்லை. சென்னைக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நம்பி நகரும். நகரத்தின் ஒளி அதைக் கரைக்குள் இழுக்கிறது. 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் வேண்டியது இருள்தான். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். 450 நானோமீட்டர் நீலம், சோடியம் விளக்கின் மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இளஞ்சூடான நிறமுள்ள எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுத்து, மேல்நோக்கிப் போகும் ஒளியை மறைத்தாலே சேதத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும். இதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஆகவே விளக்குத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் பொறியாளர்களிடமும் கட்டடக் கலைஞர்களிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். ஒரு தூணுக்கு மட்டும் மாதிரி விளக்கு பொருத்தி இரவில் நேரில் நின்று பாருங்கள். டெண்டரில் வாட் அளவோடு, 3,000 கெல்வினுக்கு மேற்படாத நிறத்தையும், மேல்நோக்கிய ஒளிக்கு வரம்பையும், டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றும் வசதியையும், பத்தாண்டுப் பராமரிப்பு நிதியையும் எழுதுங்கள். இரவு எத்தனை மணிக்கு விளக்கு அணையும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.