ஆச்சிமார் மறைத்த வருத்தம்

அளவெட்டிச் செம்மண் தோட்டத்தில் வெங்காயப் பாத்தியோரம் குந்தியிருந்து களை பிடுங்கும் ஆச்சி ஒருத்தி, எழும்பும்போது அடிவயிற்றை ஒரு கையால் தாங்கி, கணநேரம் மூச்சடக்கி நின்று, பின்னர் ஒன்றும் நிகழாதவள்போல நடந்துபோவதைக் கண்டிருக்கிறேன். கேட்டால், "ஆறு பெத்த உடம்பு, பிள்ளை, அப்பிடித்தான்" என்பாள். கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் தசைகளும் நார்களும் பிரசவங்களால் நைந்து, மாதவிடாய் நின்றபின் மேலுந் தளர்ந்து, ஓயாத இருமலும் மலச்சிக்கலும் பாரந் தூக்கும் வழக்கமும் மேலிருந்து அமுக்க, அவ்வுறுப்புகள் யோனிவழியே சரிந்திறங்குவதே இவ்வியாதி என்பதை அவளுக்கு எவரும் விளக்கியதில்லை. கல்விக்கோ வைத்தியத்துக்கோ பஞ்சமிருந்த பிரதேசமன்று இது: மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் பிரசவ வைத்தியத்தையும் 1857இல் தமிழிலே தந்தார்; இணுவிலில் 1898இலேயே ஸ்திரீகளுக்கென ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. குறைந்தது சொல்லுந் துணிவுதான். அந்தக் கூச்சத்தைக் கற்பின் இலட்சணமென்று மெச்சிய எம்போன்ற ஆண்களுக்கும் அதிற் பங்குண்டு. சத்திரசிகிச்சைக்கு அஞ்சி மறைப்போர் பலர். ஆனால் இறக்கம் சிறிதாயின், மூத்திரத்தை அடக்குவதுபோல அத்தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை மாதக்கணக்கிற் செய்தாலே பலருக்குச் சுகமுண்டாகும். அதற்கு மிஞ்சினால், உள்ளே பொருத்தித் தாங்கவைக்கும் வளையமும் உண்டு. கிளினிக்கில் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த கிழவியொருத்தி, "இது காப்புப் போலயல்லோ கிடக்கு" என்று சிரித்தாளாம்.