கொல்லை மூலையில் எதை வைப்பது? தென்னையா, ஆடா, காய்கறியா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேற்கே, கொல்லைக் கடைசியில் 2 சென்ட் இடம் பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. தென்கோடியில் பெரிய வேப்பமரம். மீதியில் சீமைக் கருவேலும் பார்த்தீனியமும் மண்டிவிட்டன. குளித்த, துவைத்த தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்த் தேங்குகிறது. கொசுத் தொல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மாமியார் இரண்டு தென்னை வைக்கச் சொல்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவர், வேம்பை விற்றுவிட்டு ஆட்டுக் கொட்டகை போடலாம் என்கிறார். எனக்குக் காய்கறி போட ஆசை. எது சரி?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், எதை வைப்பது என்று முடிவு செய்யும் முன்பு, அந்த மூலை ஏன் வீணாகப் போனது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கொல்லைகளில் காரணம் இரண்டுதான். தண்ணீர் தேங்குவதால் யாரும் அங்கே கால் வைப்பதில்லை. கால் வைக்காததால் முள்ளும் களையும் மண்டுகின்றன. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எந்தக் கன்றை நட்டாலும், அடுத்த வருடம் அதே புதர்தான் மிஞ்சும்.

முதலில் தண்ணீர். தேங்கிய அழுக்குத் தண்ணீரில் முட்டையிடும் கொசு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். யானைக்கால் நோயைப் பரப்புவது இந்தக் கொசுதான். டெங்குவைப் பரப்பும் கொசு வேறு. அது உடைந்த சட்டி, டயர், கொட்டாங்கச்சியில் நிற்கும் தெளிந்த தண்ணீரில் வளரும். அதனால் வாய்க்கால் எடுப்பதோடு, புதருக்குள் கிடக்கும் இந்தச் சாமான்களையும் அப்புறப்படுத்த வேண்டும்.

வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணீர் வெளியேறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உதாரணமாக, 15 லிட்டர் வாளியில் 12 வாளி என்றால் 180 லிட்டர். ஒரு வாழைக்குத் தினமும் 15 முதல் 20 லிட்டர் தேவைப்படும். வீணாகும் அந்தத் தண்ணீரை நம்பி ஆறு வாழையைத் தைரியமாக வைக்கலாம். தண்ணீர் வரும் இடத்தில் 3 அடி நீள அகலமும் 2 அடி ஆழமும் உள்ள குழி எடுத்து, அடியில் செங்கல் ஜல்லி, மேலே மணல் போட்டு, ஓரத்தில் கல்வாழை நட வேண்டும். சோப்பு நுரையும் அழுக்கும் அங்கேயே மட்டுப்படும். அங்கிருந்து இரண்டு வாய்க்கால் பிரித்து, 6 அடி இடைவெளியில் பக்கத்துக்கு மூன்று வாழை வைக்கலாம். வாரம் ஒரு வாய்க்கால் என்று மாற்றி மாற்றி விட்டால் மண் காயும், கொசுவுக்கு இடமிருக்காது. கழிப்பறைத் தண்ணீர் இதில் ஒருபோதும் சேரக் கூடாது. கீரைக்கும் கிழங்குக்கும் சோப்புத் தண்ணீர் வேண்டாம். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால், மண் பரிசோதனை செய்த பிறகு ஜிப்சம் இடலாம்.

அடுத்தது வெயில். காய்கறிக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். ஆனி மாதத்தில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அப்போது தென்கோடி வேம்பின் நிழல் உங்கள் மூலைக்குள் அதிகம் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், அதே நிழல் நீண்டு வடக்கே வரும். காய்கறி நன்றாக வருகிற பருவமே அதுதான். ஆகவே இன்றைய வெயிலை மட்டும் பார்த்துப் பாத்தி போடாமல், மார்கழி நிழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை 8, மதியம் 12, மாலை 4 மணிக்கு நிழல் முடியும் இடத்தில் குச்சி நட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

வேம்பை வெட்ட வேண்டியதில்லை. 10 அடி உயரம் வரை உள்ள தாழ்ந்த கிளைகளைக் கழித்தாலே வெளிச்சம் இறங்கும். பழுத்து விழும் விதையைப் பொறுக்கி நிழலில் காயவைத்தால், காய்கறிக்குப் பூச்சிவிரட்டி கையிலேயே இருக்கும். அரைக் கிலோ பருப்பை இடித்து, ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீராக்கித் தெளிக்கலாம். மரத்தடி அரை நிழலில் மஞ்சளும் சேனைக்கிழங்கும் வரும். வைகாசியில் மஞ்சள் நட்டால், பொங்கலுக்கு மஞ்சள் கொத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

தென்னை? 2 சென்ட் என்பது சுமார் 870 சதுர அடி. ஒரு தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி, அதாவது 625 சதுர அடி வேண்டும். இரண்டு வைத்தால் வேம்போடு போட்டி போட்டு வளைந்து போகும். மட்டையும் காயும் பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்து புதுச் சண்டை வரும். மாமியாரின் ஆசைக்கு ஒரு தென்னையை, கொல்லையில் வேறு திறந்த இடமிருந்தால் அங்கே வைக்கலாம்.

ஆட்டுக் கொட்டகைக்கும் இந்த மூலை ஏற்றதல்ல. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது கொட்டகை வாடை நேராக வீட்டுக்குள் வரும். ஈரத் தரையில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். கணவர் ஊரில் இல்லாத நிலையில் அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். ஆடு வளர்ப்பது உறுதி என்றால், கொட்டகையை மேட்டுப் பகுதியில் போட்டுக்கொண்டு, தீவனத்தை இந்த மூலையில் வளர்க்கலாம். வேலி ஓரத்தில் அகத்தி வைத்து, பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்துப் போட வேண்டும். தலையை அடியோடு வெட்டினால் பட்டுப்போகும்.

வடக்கே வெயில் படும் மேட்டில் இரண்டு பி.கே.எம்-1 முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைத்து, மீதியில் கத்தரி, வெண்டைக்கு நான்கு சிறு பாத்திகள் போட்டால் போதும். முருங்கைக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. வாழை வாய்க்காலை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். தினமும் பறிக்கும் கீரையை அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பு, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பலருக்கு அது தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். சீமைக் கருவேலை வெட்டினால் துளிர்க்கும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். பாம்பும் தேளும் இருக்கும் என்பதால், பகல் வெளிச்சத்தில், செருப்பு போட்டு, கம்பால் தட்டிவிட்டுக் கை வைக்க வேண்டும். இதைக் கோடையில் முடித்து, வைகாசிக்குள் வாய்க்கால் எடுத்துவிட்டால், ஆடியில் விதைக்கலாம். மரக்கன்றுகளைப் புரட்டாசி மழையோடு நடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பு, வீட்டிலிருந்து அந்த மூலை வரை 3 அடி அகலத்தில் பழைய செங்கல் பதித்து ஒரு நடைபாதை போடுங்கள். துணிக்கொடியையும் வெயில் படும் அந்தப் பக்கத்துக்கே மாற்றிக் கட்டுங்கள். தினமும் ஒருமுறை ஆள் போய்வந்தால், வாய்க்கால் அடைத்ததும் வாழை சாய்ந்ததும் உடனே கண்ணில் படும். குழி எடுக்கும் முன்பு பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் சுவரிலிருந்து வாய்க்கால் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து நின்று பார்த்துக்கொள்வது நல்லது.